வள்ளி என்பது கொடிக்குப் பெயரா, கிழங்குக்குப் பெயரா?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் நிலத்தை ஒட்டிப் பயிர் செய்யும் கன்னடக் குடும்பத்தார் அவரைக் கொடியைப் 'பள்ளி' என்கிறார்கள், முதலெழுத்தை 'பஸ்' என்பதன் முதலெழுத்தைப் போல ஒலிக்கிறார்கள். நம் வள்ளிக்கிழங்குக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டா?
– வாசகர் ஒருவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உண்டு, இரண்டும் ஒரே சொல். தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் மெல்லொலிப் பகரத்தில் தொடங்கும். வேர் அங்கே 'பேரு', வில் 'பில்லு', வாழை 'பாளெ'. அந்த வரிசையில்தான் வள்ளி 'பள்ளி' ஆகிறது. பொருளில்தான் வேறுபாடு. கன்னடத்தில் அது எந்தக் கொடிக்கும் உரிய பொதுப்பெயர். தமிழிலும் வள்ளி என்பதற்குக் கொடி என்னும் பொருளை அகராதிகள் தருகின்றன என்றாலும், பேச்சில் அது கிழங்கின் பெயருக்குள் ஒடுங்கிவிட்டது.

இந்த ஒடுக்கம் புதியதன்று. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் பொருள்களை எண்ணிச் சொல்லும் கபிலர், புறநானூற்றின் 109ஆம் பாடலில், மூன்றாவதாகக் 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு' என்கிறார். வள்ளி என்றாலே கொடிதான் என்று அவர் காலத்தில் கொண்டிருந்தால் முன்னால் 'கொழுங்கொடி' என்று தனியே சொல்ல வேண்டியிருக்காது. தண்டுக்குக் கொடி என்றும், செடிக்கு வள்ளி என்றும் அப்போதே பிரிந்துவிட்டன என்றே நான் கொள்கிறேன். கபிலர் சொல்வது மலைக்காட்டில் மரத்தைச் சுற்றி ஏறும் கிழங்குக்கொடி. நாம் வேகவைத்து உண்ணும் சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. பழகிய கிழங்கின் பெயரோடு இனிப்பைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

சொல்லின் வேரைப் பொறுத்தவரை, வளை, வளையம், வளையல் ஆகியவற்றில் உள்ள 'வள்' என்னும் வளைவுப்பொருளோடு வள்ளியையும் சேர்த்து விளக்குவதுண்டு. கொடியையும் அவ்வாறே 'கொடு' என்னும் வளைவுப்பொருள் அடியோடு சேர்ப்பர். கொடுவாளில் இருப்பது அந்தக் 'கொடு'தான். வடமொழியின் 'வல்லீ' என்னும் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

உண்மையில் வளைந்து சுற்றுவது எல்லாக் கொடிக்கும் பொதுவன்று. நம் பக்கம் கேழ்வரகுக்கு இடையே விதைக்கும் அவரையில் ஏறு வகைகளுக்குக் கொம்பு நட்டால் தண்டே அதைச் சுற்றிக்கொண்டு ஏறும்; பாகலும் புடலையும் சுருள் இழைகளால் பந்தலைப் பற்றி ஏறும்; சர்க்கரைவள்ளி பெரும்பாலும் தரையிலேயே படரும். இம்மூன்றையும் தமிழ் கொடி என்றே அழைக்கிறது. அதோடு நில்லாமல் தாலிக்கொடி, தொப்புள்கொடி, துணி உலர்த்தும் கொடி என நீண்டு துவளும் பொருள்களுக்கெல்லாம் அப்பெயரை நீட்டியது. தங்கள் பகுதியில் தெலுங்கு பேசுவோர் கொடிக்குச் சொல்லும் 'தீக' என்பதும் கம்பியைக் குறிக்கும்.

முருகனின் வள்ளிக்கும் இதே பெயர்தான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் வேடர் குழந்தையைக் கண்டெடுத்ததால் அப்பெயர் இட்டனர் என்பது கந்தபுராணக் கதை.