நாலு வயதுக் குழந்தை, முழங்கால் வலிக்கும் பாட்டி: லூனெபுர்கர் ஹைடெயில் எப்படி நடப்பது?

ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆகஸ்டில் ஊரிலிருந்து அம்மா வருகிறார், முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. ஊதாப் பூக்கள் பூத்திருக்கும் ஹைடெயைக் காட்ட ஆசை. கார் இல்லை. எல்லோரும் சேர்ந்து நடக்க முடியுமா?"

முடியும். ஆனால் எல்லோரும் எல்லா தூரத்தையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஹாம்பர்க்குக்குத் தெற்கே, ஊதாப் பூ பூக்கும் குறும்புதர்கள் படர்ந்த வெட்டவெளிதான் லூனெபுர்கர் ஹைடெ. அங்கே குடும்பத்தை இரண்டு குழுவாகப் பிரித்து, நடுவில் ஓரிடத்தில் சந்திக்க நல்ல வசதி இருக்கிறது. அந்த இடம் வில்ஸெடெ. இயற்கைக் காப்பகத்தின் நடுவே உள்ள சின்னஞ்சிறு கிராமம் அது. சுற்றுலாப் பயணிகளின் கார் அங்கே போக முடியாது. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரை வண்டியிலோதான் போக வேண்டும்.

உண்டெலோ என்ற ஊரிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வில்ஸெடெ சுமார் 5 கி.மீ. அம்மாவும் நாலு வயதுக் குழந்தையும் பெரியவர் ஒருவரோடு குதிரை வண்டியில் ஏறட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை இன்னொருவரோடு நடந்து வரட்டும். நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வண்டி வில்ஸெடெயில் எவ்வளவு நேரம் நிற்கும், திரும்பும்போது எத்தனை பேருக்கு இடம் உண்டு என்பதை ஏறும்போதே கேட்டுவிடுங்கள். போகும் வழியில் துள்ளி ஓடிய பிள்ளை திரும்பும்போது "நானும் வண்டியில்தான் வருவேன்" என்று அடம்பிடிப்பது வழக்கம்தான். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஹைடெ ஷட்டில் என்ற இலவசப் பேருந்து ரயில் நிலையங்களையும் ஹைடெ ஊர்களையும் இணைத்து ஓடுகிறது. கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்.

பூக்காலம் ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 9 வரை என்று அந்தப் பகுதியில் வாய்வழியாகச் சொல்வார்கள். கணக்கு பெரும்பாலும் சரிதான், ஆனால் கோடை மழை பொய்த்த ஆண்டுகளில் பூ குறைவாகத்தான் இருக்கும். பூ நிலவரத்தை வாராவாரம் இணையத்தில் வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஆகஸ்ட் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். வார நாளில் காலையிலேயே போய்ச் சேர்ந்தால் பாதி ஹைடெ உங்களுக்கே.

வில்ஸெடெயிலிருந்து எங்கே போவது? 169 மீட்டர் உயரமுள்ள வில்ஸெடெர் பெர்க் பெயர்பெற்ற இடம். ஜெர்மனியின் வடமேற்குச் சமவெளியில் இதைவிட உயரமான மேடு கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பிடிக்கும்: கணித மேதை காவுஸ் ஹானோவர் நாட்டை அளந்தபோது இந்த உச்சியையும் பயன்படுத்தினார், அதை நினைவூட்டும் கல் மேலே இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது டோட்டென்க்ருண்ட். வில்ஸெடெயிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். கிண்ணம் போலக் குழிந்த பள்ளத்தாக்கு; சரிவெல்லாம் அந்த ஊதாப் பூப் புதரான ஹெதர் செடி, நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஜூனிப்பர் மரங்கள். மேல் விளிம்பிலேயே பெஞ்சுகள் உண்டு, அம்மா அங்கே உட்கார்ந்தபடி முழுவதையும் பார்க்கலாம். கீழே இறங்கும் பாதை சரிவான மணல், முழங்காலுக்கு ஆகாது.

இந்தப் பள்ளத்தாக்கு வீடு கட்டும் மனைகளாகிவிடும் ஆபத்து ஒரு காலத்தில் இருந்தது. எகெஸ்டார்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடெ முயற்சி எடுத்து 1906இல் இதை வாங்க வைத்தார். இன்று 230 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்திருக்கும் காப்பகம் அப்படித்தான் தொடங்கியது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: இது தானாக உண்டான நிலம் அல்ல. காட்டை அழித்து, ஆடு மேய்த்து, நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் உண்டாக்கிய வெளி. ஹைட்ஷ்னுக்கெ என்ற சாம்பல் நிறக் கொம்பாடுகள் முளைத்துவரும் பிர்ச், பைன் கன்றுகளைக் கடித்துத் தின்பதால்தான் ஹெதர் செடிக்கு வெயில் கிடைக்கிறது. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் காடு மூடிவிடும். மந்தை எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், பிள்ளைகள் ஆடுகளுக்கு நடுவே ஓட வேண்டாம்.

பாதையை விட்டு விலகாதீர்கள் என்ற விதியில் உங்கள் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஹெதர் புதர்களில் விரியன் இனப் பாம்பு வாழ்கிறது. தானாக வந்து கடிக்காது, மிதித்தால் கடிக்கும். ஆகஸ்டில் தேனீ வளர்ப்போர் கூடுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருப்பார்கள். அந்தக் கூடுகளின் வாசல் பக்கம் நிற்காதீர்கள், பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். நெருப்பு, சிகரெட் கூடவே கூடாது. 1975 ஆகஸ்டில் ஹைடெயின் தென்பகுதியில் எரிந்த காட்டுத்தீயில் தீயணைப்பு வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். காய்ந்த மணல்நிலம் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை அங்கே யாரும் மறக்கவில்லை.

சின்னச் சக்கரத் தள்ளுவண்டி வேண்டாம். பாதை ஓரிடத்தில் பொடிமணல், இன்னோரிடத்தில் உருண்டைக்கல் பாவியது. இரண்டிலுமே சக்கரம் சிக்கும். பெரிய காற்றுச் சக்கர வண்டியோ, முதுகில் சுமக்கும் பையோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் நிழல் குறைவு. தொப்பியும், நினைத்ததைவிட அதிகமாகத் தண்ணீரும் அவசியம். சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லியோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். வில்ஸெடெ உணவகங்களில் மெனு பெரும்பாலும் இறைச்சிதான், அந்த ஹைட்ஷ்னுக்கெ ஆடு உட்பட. பக்வீட் மாவில் செய்து க்ரீமும் லிங்கன்பெர்ரியும் வைத்த கேக்கை மட்டும் விடாதீர்கள். அம்மா முட்டை சாப்பிடாதவர் என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணிதான் எனக்கு உண்மையான கவலை. குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்கவும் செய்யாது. முழுக்கால் பேண்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீடு திரும்பியதும் குளிக்க வைக்கும்போதே முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம், முடி தொடங்கும் இடம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெய், பசை எதுவும் தடவக்கூடாது. உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி உடலுக்குள் போகப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும், அதனால் அன்றைக்கே எடுத்துவிடுவதுதான் பெரிய பாதுகாப்பு. கடித்த இடத்தைப் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அங்கே சிவப்பு வட்டம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. அம்மா வருவதற்கு முன்பே, ஜூலையில் ஒரு நாள் பிள்ளைகளை பியூஸென்பாஹ்டால் கூட்டிப் போங்கள். புக்ஹோல்ட்ஸில் ரயில் மாறினால் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கி நேராக நடக்கலாம். சின்ன ஓடை, ஆழமில்லாத தண்ணீர், மணல், சுற்றிலும் ஹெதர். நாலு வயதுக் குழந்தை எவ்வளவு தூரம் சிணுங்காமல் நடக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். மாற்று உடுப்பு ஒரு செட் கொண்டுபோங்கள், ஓடையில் இறங்காமல் வராது.