ஐ5-3470-ஆ, எஃப்எக்ஸ்-6300-ஆ?

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: பொள்ளாச்சியில் இரண்டு பழைய டெஸ்க்டாப் ஒரே விலைக்கு வருகின்றன, ஒன்றில் இன்டெல் ஐ5-3470 ப்ராசஸர், மற்றதில் ஏஎம்டி எஃப்எக்ஸ்-6300. கேமுக்கும் வீட்டு வேலைக்கும் எது? என் ஓட்டு இன்டெலுக்கு.

இரண்டுமே 2012-இல் வந்தவை. ஏஎம்டியில் 6 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 3.5 கிகாஹெர்ட்ஸ், இன்டெலில் 4 கோர், 3.2 தான். கடைக்காரர் இந்த எண்களைத்தான் காட்டுவார். ஆனால் எஃப்எக்ஸில் இரண்டிரண்டு கோர்கள் ஒரே மாட்யூலுக்குள் இருந்துகொண்டு, தசமக் கணக்குப் போடும் பகுதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கோருக்குக் கோர் பார்த்தால் இன்டெலே வேகம். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் பாரம் ஒன்றிரண்டு கோர் மேல்தான் விழும். வீடியோ கன்வர்ட் செய்வது போன்ற வேலையில் எஃப்எக்ஸ் ஈடுகொடுக்கும், அதை மறுக்கவில்லை.

அப்புறம், ஐ5-க்குள்ளேயே எச்டி 2500 கிராபிக்ஸ் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கும்வரை சினிமா, பிரவுசிங் எல்லாம் ஓடும். எஃப்எக்ஸுக்குள் அது கிடையாது. டிடிபியும் (முழு வேலையில் ப்ராசஸர் வெளியிடும் வெப்பம், கரண்ட் செலவுக்கும் தோராயமாக அதுவே கணக்கு) இன்டெலுக்கு 77 வாட், எஃப்எக்ஸுக்கு 95 வாட். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் யூபிஎஸ்ஸுக்கு அது தெரியும்.

புது கேம் ஆசை இருந்தால் ஒன்று: இரண்டிலும் ஏவிஎக்ஸ்2 (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ப்ராசஸர் வசதி) இல்லை, அதைக் கேட்கும் கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-க்கும் அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை. எதை எடுத்தாலும் ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்) போட்டுவிடுங்கள்.