அக்ரிமெண்ட் முடியப்போகுது, ரினியூ பண்றதா காலி பண்றதா? வாடகை வீட்டு கேள்வி பதில்

கேள்விக்கு போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு. அக்ரிமெண்ட் முடியற தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஓனர்கிட்ட பேச ஆரம்பிச்சிடுங்க, கடைசி வாரத்துல போய் நின்னா அவர் சொல்ற தொகைக்கு தலையாட்டறத தவிர வேற வழி இருக்காது.

கேள்வி: 11 மாச அக்ரிமெண்ட் போன மாசமே முடிஞ்சிடுச்சு. ஓனர் ஒண்ணும் கேக்கல, வாடகையை வாங்கிக்கறார். அப்படியே விட்டுடலாமா?

விடாதீங்க. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியிலேர்ந்து நடைமுறைல இருக்கற வாடகை சட்டப்படி, ரினியூ பண்ணாம குடியிருந்தா பழைய கண்டிஷன்லயே மாசாமாசம் நீடிக்கறதா எடுத்துக்குவாங்க, ஆனா அது அதிகபட்சம் 6 மாசம்தான். அதுக்கப்புறம் உங்க கைல பேப்பர்னு ஒண்ணும் இருக்காது, பேங்க்ல அட்ரஸ் மாத்தக்கூட பிரச்சனை. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டா போதும்னும் இருக்காதீங்க, ரெண்ட் அத்தாரிட்டிகிட்ட, அதாவது வாடகை விஷயங்களை பாக்கற அரசு அதிகாரிகிட்ட பதியணும், ஆன்லைன்லயே பண்ணலாம். 11 மாசம்னா பதிய வேண்டாம்னு இன்னும் நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, இந்த சட்டத்துல அப்படி விலக்கு கிடையாது.

கேள்வி: வேளச்சேரில 18,000 வாடகை. ஜூலைல அக்ரிமெண்ட் முடியுது, ஓனர் 22,000 கேக்கறார். இருக்கறதா, மாறறதா?

கோவத்துல முடிவெடுக்காம கணக்கு போட்டு பாருங்க. 4,000 கூடுதல்னா 11 மாசத்துக்கு 44,000. மாறினா புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 18,000, வண்டி ஆளு கூலி ஒரு 10,000, ஆக 28,000. பெயிண்டிங்னு அட்வான்ஸ்ல ஒரு மாசம் பிடிப்பாங்களே, அதை இதுல சேர்க்காதீங்க, என்னைக்கு காலி பண்ணாலும் அந்த காசு போகத்தான் போகுது. அப்போ பக்கத்துலயே இதே மாதிரி வீடு 18,000க்கு கிடைக்குதுன்னா மாறினா 7 மாசத்துல செலவு ஈடாயிடும். அதே ஓனர் 20,000க்கு இறங்கி வந்தா கூடுதல் 22,000தான், பேசாம இருந்துடுங்க. அதனால முதல்ல ரெண்டு தெரு சுத்தி வீடு என்ன ரேட்டுன்னு பாத்துட்டு அப்புறம் பேச உக்காருங்க. இன்னொண்ணு, ஜூலை பாதியில ஆடி பொறந்துடும், ஸ்கூலும் திறந்திருக்கும், இப்ப காலியானா ஆவணி வரைக்கும் பூட்டியே கிடக்கும்னு ஓனருக்கும் தெரியும், அதை தயங்காம பேச்சுல சொல்லுங்க. வாடகை ஏறுதுன்னு அட்வான்ஸையும் ஏத்த சொன்னா ஒத்துக்காதீங்க, வேற மாதிரி எழுதி ஒத்துக்கிட்டா ஒழிய சட்டப்படி 3 மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது.

கேள்வி: 8 லட்சத்துக்கு போக்கியத்துல இருக்கோம். இன்னும் 2 வருஷம் நீட்டிக்கலாமா?

எனக்கு ரொம்ப கவலை தர்ற கேள்வி இதுதான், ஏன்னா போக்கியம்னா மாச வாடகைக்கு பதிலா மொத்தமா ஒரு தொகையை ஓனர்கிட்ட கொடுத்துட்டு குடியிருக்கறது, இங்க மாட்டறது மாச வாடகை இல்ல, குடும்பத்தோட மொத்த சேமிப்பு. நீட்டிக்கறதுக்கு முந்தின நாள் வில்லங்கம் போட்டு பாருங்க, பதிவுத்துறை வெப்சைட்ல காசில்லாமலே பாக்கலாம். நீங்க குடிவந்த அப்புறம் ஓனர் பத்திரத்தை பேங்க்ல வச்சு கடன் வாங்கியிருந்தா பெரும்பாலும் அதுல தெரிஞ்சிடும். அப்படி இருந்தா நீட்டிக்காதீங்க, பணத்தை கேளுங்க. வில்லங்கம் சுத்தமா இருந்தாலும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சு கொடுக்கறேன்னா மட்டும் சரின்னு சொல்லுங்க, வெறும் ஸ்டாம்ப் பேப்பரை நம்பி 8 லட்சத்தை விடவே விடாதீங்க.

கேள்வி: ஆபீஸ்ல டிரான்ஸ்ஃபர் வரலாம், வராமலும் போகலாம். 11 மாசம் ரினியூ பண்ணலாமா?

பண்ணுங்க, ஆனா ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ணலாம்னு எழுதி வாங்கிக்கோங்க, லாக்-இன் பீரியட், அதாவது இத்தனை மாசம் காலி பண்ணக்கூடாதுங்கற கண்டிஷன் இருந்தா எடுக்க சொல்லுங்க. வாய்ல சொன்னது காலி பண்ற அன்னைக்கு செல்லாது.

கேள்வி: நான் ஓனர். நல்ல குடித்தனக்காரர், 1ஆம் தேதி வாடகை வந்துடும். எவ்ளோ ஏத்தலாம்?

5 சதவீதம் ஏத்துங்க, போதும். 15,000 வாடகைல அது 750 ரூபா. அதிகமா கேட்டு அவர் போய் வீடு ரெண்டு மாசம் காலியா கிடந்தா 30,000 போச்சு, அடுத்து வர்றவர் எப்படி இருப்பார்னும் தெரியாது. அவர் கிளம்பறதா இருந்தா அட்வான்ஸை ஒரு மாசத்துக்குள்ள திருப்பி கொடுக்கணும், அந்த பணத்தை செலவு பண்ணாம தனியா வச்சிருங்க.