கடவுள் நம்பிக்கையை விட்ட பிறகு தர்க்கத்தை முறையாக எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் அம்மா விளக்கேற்றி ‘சொற்றுணை வேதியன்’ பதிகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் பாடியது, கரையேறியது எங்கள் ஊரில்தான் என்பது ஐதீகம். எங்கள் கூரை தப்பியது. “பாடலீஸ்வரர்தான் காப்பாத்தினாரு” என்றார் அம்மா. அடுத்த வீட்டு அத்தையும் அதே பதிகத்தைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. உடைந்த ஓடுகளை அவரோடு சேர்ந்து பொறுக்கிய அந்தக் காலையில் என் நம்பிக்கை போய்விட்டது.

நம்பிக்கை போனதும் பகுத்தறிவு வந்துவிட்டதாக நினைத்தேன். வரவில்லை. கோயிலைத் தாக்கும் எந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரிபார்க்காமல் அனுப்பினேன். ஒருநாள் என் தங்கை கேட்டாள்: “அண்ணா, இது உண்மையான்னு பார்த்தியா?” பார்க்கவில்லை. அது பொய்.

அவள் கணக்கு டீச்சர். அன்று சாயங்காலம் ஒரு தாளில் 2, 4, 6 என்று எழுதினாள். “இது ஒரு விதிக்குள்ள அடங்குது. வேற மூணு எண் சொல்லிக்கிட்டே வா, அடங்குதா இல்லையான்னு சொல்றேன். விதி என்னன்னு கண்டுபிடி.” 8, 10, 12 என்றேன். அடங்கும். 20, 22, 24. அடங்கும். “இரண்டிரண்டாகக் கூடணும்” என்றேன். தப்பு. ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 1, 2, 3 என்று கேட்டிருந்தாலே என் எண்ணம் உடைந்திருக்கும். கேட்கத் தோன்றவே இல்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை இது. கூரை தப்பிய வீட்டை மட்டும் எண்ணிய அம்மாவும் நானும் ஒரே தவற்றைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அப்புறம்தான் முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் வாக்கியத்தின் வடிவத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகினேன். ‘மூடநம்பிக்கை உள்ளவர் பூ போட்டுப் பார்ப்பார். இவர் பூ போட்டுப் பார்க்கிறார். ஆகவே இவருக்கு மூடநம்பிக்கை.’ பல வருடம் நான் வாதாடிய விதம் இதுதான். வடிவமே ஓட்டை. வீட்டார் மனசு நோகக்கூடாதென்று பூ போடுகிறவரும் இருக்கலாமே.

எனக்கு மிகவும் உதவியது மணிமேகலை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சமய நூல் என்று ஒதுக்கியிருந்தேன். புதுச்சேரியில் வேலை பார்த்தபோது, ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அதன் 29ஆம் காதையைப் படித்தேன். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதோடு, சரியான ஏதுபோலத் தோன்றி ஏமாற்றும் ஏதுப்போலிகளும் அங்கே வகைவகையாக வருகின்றன. அதில் ஒன்று அநைகாந்திகம்: முடிவு பொருந்தும் இடத்திலும் பொருந்தாத இடத்திலும் இருக்கும் ஏது. பதிகம் எங்கள் வீட்டிலும் இருந்தது, அத்தை வீட்டிலும் இருந்தது. அந்தக் காலையில் எனக்குச் சொல்லத் தெரியாமல் நெஞ்சில் நின்றதற்குத் தமிழிலேயே ஒரு பெயர் இருந்திருக்கிறது! அந்தப் பக்கத்தை மூடிவைக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒரு நோட்டு போடுங்கள். நடக்கப்போவது என்ன, எவ்வளவு உறுதியாக நினைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே தேதியோடு எழுதுங்கள். நடந்த பிறகு எழுதினால் மனசு தனக்கு வசதியாக மாற்றிக்கொள்ளும். முதல் வருடம் நான் ‘90 சதவீதம் உறுதி’ என்று குறித்தவை 20. பலித்தவை 13.

தங்கை கல்யாணத்துக்கு அம்மா பூ போட்டுப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்தபோது வெள்ளைப் பூ. முன்பென்றால் சண்டை போட்டிருப்பேன். “சிவப்பு வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருப்பேன்” என்றார்.