எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி கேட்டால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. ஊர் அரசு மருத்துவமனையைத் தரம் உயர்த்தச் சொல்லி சட்டமன்றத்தில் கேட்டார். அமைச்சரும் பதில் சொன்னார். ஆஸ்பத்திரி மட்டும் அப்படியே இருக்கிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள், இந்தக் கேள்விகளால் ஏதாவது நடக்குமா?

பதில்:

நடக்கும். ஆனால் என்ன கேட்டார் என்பதைப் பொறுத்துத்தான் நடக்கும். நான் திருவட்டாறு தாலுகாக்காரன். வீட்டில் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஆஸ்பத்திரி விஷயமாக ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனு எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகிற வேலையில் சில காலமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"தரம் உயர்த்த அரசு முன்வருமா?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, வேண்டுகோள். அதற்கு "அப்படியொரு கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை" என்றோ "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றோ பதில் வரும். இரண்டிலும் என்ன செய்வார்கள், எப்போது செய்வார்கள் என்பது இல்லை. உங்கள் ஊரில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடம் எத்தனை? நிரப்பப்பட்டது எத்தனை? நிரப்பப்பட்டவர்களில் அயற்பணியில் வேறு ஊரில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர்? இதற்கு எண்தான் பதிலாக வர வேண்டும். அவையில் அமைச்சர் கொடுக்கும் எண் அவைக்குறிப்பில் ஏறுகிறது. தவறான எண்ணைக் கொடுக்க எந்த அதிகாரியும் பயப்படுவார். பதில் தயாரிப்பதற்காகச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஃபோன் வரும்போதே சில காலியிடங்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அயற்பணியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் ஒருவர் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பட்டியலில் இருப்பார், சம்பளமும் அங்கிருந்தே போகும், ஆனால் வாரத்தில் பாதி நாள் வேறு இடத்தில் இருப்பார். காகிதத்தில் காலியிடமே இல்லை. ஆனால் இரவு பதினோரு மணிக்குப் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு சிசேரியன் தேவைப்பட்டால், ஆபரேஷன் தியேட்டர் இருந்தும் கதவைத் திறக்க முடியாது. மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். கட்டடத் திறப்பு விழா போட்டோவில் இது தெரியாது. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கிக் கொடுக்கலாம். டாக்டருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால்தான் எம்.எல்.ஏ.க்களின் சாதனைப் பட்டியலில் கட்டடங்களே அதிகமாக இருக்கின்றன.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவரை, விடியுமுன் பால் சேரும் சிரட்டையைச் சரிசெய்யக் குனிந்தபோது பாம்பு கடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த நர்ஸ் பதறவில்லை. ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசைமேல் நிறுத்தினார். இருபது நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ஏறிவிட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் விஷமுறிவு மருந்து முதல் தவணைக்கே போதவில்லை. முதல் தவணைக்கே எட்டு, பத்து குப்பி வேண்டும். இருந்ததை ஏற்றிவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அண்ணன் பிழைத்தார். ஆனால் கிட்னி பாதித்து டயாலிசிஸ் வரை போனது.

அதன் பிறகு நாலைந்து பேர் உட்கார்ந்து மனு எழுதினோம். புது ஆஸ்பத்திரி வேண்டும், ஐம்பது படுக்கை வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கூட இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, "புது பில்டிங் எதுக்கு மக்களே, இருக்கிற பில்டிங்ல ராத்திரி யாரு இருக்கா, அலமாரில என்ன இருக்குன்னு கேளுங்க" என்றார். மனுவை அப்படியே மாற்றினோம். இந்த விஷயத்தில் நான் கேட்டதிலேயே புத்தியான பேச்சு அதுதான்.

அலமாரியில் என்ன இருக்கிறது என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை வாங்கிக் கொடுப்பது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆக, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்கிறது என்பதற்கு அரசிடம் கணக்கு இல்லாமல் இருக்காது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசு அறிவித்தது. எனவே திருவட்டாறு, மேல்புறம் ஒன்றியங்களில் எத்தனை கடி பதிவானது, அந்தந்த இடத்தில் எத்தனை குப்பி இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடியும். இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம்மிடம் உள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. மேற்குத்தொடர்ச்சி மலை ஓரத் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் விஷத்தை இந்த மருந்து முறிக்காது. அது கிட்னியைப் பாதித்தால் டயாலிசிஸ்தான் வழி. மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் எங்கே இருக்கிறது, இரவில் இயங்குமா? ரப்பர் தோட்டம் இருக்கிற ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம், யாரிடம் கேட்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமைச்சர் ஒருவர்தான், ஆனால் கீழே இயக்ககங்கள் வேறு வேறு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத்தின் கீழ். தக்கலை, குழித்துறை, குளச்சல் மாதிரி அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகளின் கீழ். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மருத்துவக் கல்வியின் கீழ். "எங்கள் மாவட்டத்து மருத்துவமனைகளில்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மூன்றையும் கலந்து மாவட்ட மொத்தம் ஒன்று வரும். ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிற டாக்டர்களையும் சேர்த்துக் கணக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊர் பெயரோடு கேட்கச் சொல்லுங்கள்.

மலைப்பகுதிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அளவுகோலே வேறு. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் உள்ள சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து இக்கரைக்கு வரப் படகு வேண்டும். அங்கே ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேவையை அளப்பது நியாயமே இல்லை. மழைக்காலத்து இரவில் எத்தனை மணி நேரத்தில் ஒரு கர்ப்பிணி டாக்டரைப் பார்க்க முடியும் என்று கேட்க வேண்டும்.

கேரள எல்லை விஷயமும் நமக்கு உண்டு. எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்து ஆட்களில் பலர் பெரிய நோய் என்றால் நாகர்கோவிலுக்குத் திரும்புவதில்லை, திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கிறார்கள். 1956க்கு முன் இந்தப் பக்கமும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலம், பழக்கம் போகாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அங்கே எந்தெந்த மருத்துவமனையில் காட்டலாம், எந்தெந்த சிகிச்சைக்கு என்பதை அரசு அவையில் வாய்திறந்து சொன்னால் எத்தனையோ குடும்பம் நகை அடகு வைக்காமல் தப்பும்.

எம்.பி.யிடம் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் எடுக்கிறார்கள், பதில் எல்லாம் இணையத்தில் ஏறிவிடும். ஆனால் மருத்துவமனை அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. "இது மாநில அரசின் பொருள்" என்ற வரியோடு பதில் முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். மத்திய அரசுப் பணம் வரும் தேசிய நலவாழ்வு இயக்கம், மத்திய தொழிலாளர் துறையின் கீழ் உள்ள ஈ.எஸ்.ஐ. காப்பீடு போன்றவற்றுக்கு எம்.பி., மற்றதற்கு எம்.எல்.ஏ. உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. மாவட்டத்தில் ஆறு தொகுதி இருக்கிறது, பக்கத்துத் தொகுதிக்காரரைப் பிடியுங்கள்.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? முதலில் அமைச்சர் சொன்ன பதிலின் வாசகத்தை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் "செய்யப்படும்" என்று எங்காவது இருந்தால் அது உறுதிமொழி. அதைத் தொடர்ந்து பார்க்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழுவும் மனுக்கள் குழுவும் மாவட்டங்களுக்கு வரும். பதிலின் தேதியைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, பணியிடம், அயற்பணி, மருந்து இருப்பு மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளை எம்.எல்.ஏ. கையில் கொடுங்கள். துறை துறையாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் புது அறிவிப்புகள் அப்போதுதான் வரும்.