காலை அந்தி, மாலை அந்தி

அன்புள்ள அக்கா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பகலும் இரவும் கூடும் வேளையைச் சார்ந்ததைக் குறிக்கும் 'கிரெபஸ்கியூலர்' (crepuscular) என்ற சொல் அதில் மூன்று இடங்களில் வருகிறது. வெளிச்சத்துக்கு அடைமொழியாக வந்த இடத்தில் 'மங்கலான' என்றும், பக்கிப் பறவைக்கு வந்த இடத்தில் 'இரவில் திரியும்' என்றும் எழுதினேன். ஒரு முதியவரின் நினைவைச் சொல்லும் இடத்தில் விட்டுவிட்டேன். தமிழில் இதற்குச் சொல் இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்கலாமா? தமிழில் பெயரடைகளே குறைவு என்கிறார்களே, உண்மையா?

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறீர்கள். அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் 'தமிழில் சொல் இல்லை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பெயரடைக் கணக்கெல்லாம் நமக்கு வேண்டாம். 'அந்தி வெளிச்சம்' என்று எழுதுங்கள், போதும்.

லத்தீனில் அந்திப்பொழுதுக்கு 'கிரெபஸ்குலும்' என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. மேக இடுக்கில் விசிறியாக விரியும் கதிர்களுக்கும் ஆங்கிலத்தில் இதையே அடைமொழியாக வைத்திருக்கிறார்கள். விலங்கியலார் விடியலிலும் மாலையிலும் நடமாடும் உயிர்களை இச்சொல்லால் குறிக்கிறார்கள். இரண்டு வேளையும் என்பதைக் கவனியுங்கள். அந்தி என்றால் மாலை மட்டும்தான் என்று நினைத்ததால்தானே அந்தச் சொல் உங்கள் கைக்கு வரவில்லை? புறநானூற்றின் 34ஆம் பாட்டில் 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்று வருகிறது. ஆங்கிலச் சொல் எந்த இரு வேளைகளைச் சொல்கிறதோ அதே இரண்டையும் நம் சொல் அன்றே சொல்லிவிட்டது.

'மங்கலான' என்பது பழுதான விளக்குக்கும் பொருந்தும். அந்தி அப்படியல்ல, அது ஒரு பொழுது. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அன்று மாலை எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் மணி ஆறரை ஆனதும் அப்பா, "விளக்கு ஏற்றவில்லையா?" என்று கேட்டார். முந்தைய நாள்வரை அம்மா விளக்கேற்றிய நேரம் அது. அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழிக் கம்பியருகே நின்றார். எதிர் பிளாக்கின் மேல்மாடிச் சன்னல்களில் இன்னும் வெயில் இருந்தது. "அந்தி வரட்டும்" என்றார். மைனாக்கள் மரத்துக்குத் திரும்பி, அந்தக் கூச்சல் அடங்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே வந்து திரியைத் தூண்டினார். ஏழு மணி தாண்டியிருந்தது. கடைசிவரை அவர் கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றியதே இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் நம் ஊரில் அந்தி 20 நிமிடம்தான். உங்கள் கதை நடக்கும், வடக்கே வெகுதொலைவிலுள்ள நாட்டின் கோடையில் அது நெடுநேரம் தங்கும். அங்கே 'நீண்ட அந்தி' என்று எழுதுங்கள்.

பக்கியை 'இரவில் திரியும்' என்று எழுதியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இருள் கவியும் வேளையில் 'டொக், டொக்' என்று தட்டுவதுபோல் கூவுகிறதே, அதே பறவையின் இனம்தான். அது எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டிய பெரியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். ஈசூனில் இருந்துகொண்டு அதைக் கேட்டதில்லை என்றால் நம்பமாட்டேன்.

முதியவரின் நினைவை விட்டுவிட்டீர்களே, அந்த வரிதான் எனக்கு வேண்டும். 'அந்தி நினைவு' என்று போட்டு அந்தப் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா