நீண்ட தேர்வுகளுக்குக் கை வலிக்காத மைப்பேனா எது?

அழகப்பா பல்கலைக்கழகத்தின் 3 மணி நேரத் தேர்வுகளைக் கை வலிக்காமல் எழுத, 300 ரூபாய்க்குள் நல்ல மைப்பேனா கிடைக்குமா என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கிடைக்கும், கேம்லின் போன்ற பிளாஸ்டிக் பேனாக்கள் அந்த விலைக்குள் அடங்கிவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது நிப்பு. பால்பாயிண்ட் பேனாவில் கெட்டியான மையை இறக்கச் சற்று அழுத்த வேண்டியிருக்கிறது. மைப்பேனாவிலோ நிப்பின் பிளவு வழியே நுண்புழை விளைவால் மை தானாகவே தாளில் இறங்குவதால், பேனாவின் சொந்த எடையே ஏறக்குறையப் போதுமானது. கடையிலேயே நிப்பை மையில் தொட்டு, விரல்களைத் தளர்த்திக்கொண்டு ‘இ’, ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றைச் சிறியதாக எழுதிப் பாருங்கள். சுழிகள் மையால் அடைபடாமலும், எந்தத் திசையில் திரும்பினாலும் தாளைக் கீறாமலும் வந்தால் தயங்காமல் வாங்கலாம். தமிழ் எழுத்துக்கு மெல்லிய முனையே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

மிக ஒல்லியான பேனாவை விரல்கள் இறுக்கிப் பிடிக்க நேர்வதால், பிடிக்கும் இடம் ஓரளவு பருமனாகவும் வழுக்காமலும் இருக்கட்டும். மூடியைப் பின்னால் செருகாமல் எழுதினால் பாரமும் குறையும். ஆனால், செட்டிநாட்டு வெயிலில் திறந்துவைத்த நிப்பில் மை விரைவாக உலர்ந்துவிடும் என்பதால், விடையை யோசிக்கும் நேரத்தில் பேனாவை மூடிவிடுங்கள்.